வுல்வரினுக்கு ஆபத்து இருக்கிறதா, இல்லையா?

கானகன்:
வுல்வரின், வடக்குப் பனிப்பகுதிகளில் வாழும், சிறு கரடி போன்ற தோற்றமுள்ள ஊனுண்ணி. இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியமான ஐ.யூ.சி.என்-இன் சிவப்புப் பட்டியலில் அது ‘கவலை குறைந்த இனம்’. ஆனால் 2023 நவம்பரில் அமெரிக்க அரசு அதை ‘அச்சுறுத்தலுக்கு உள்ளான இனம்’ என்று அறிவித்தது. எது சரி? ஆளரவமில்லாத மலையில் தனியாகத் திரியும் விலங்கை எப்படி எண்ணுகிறார்கள்?

பனிமலை:
இரண்டுமே சரி. ஐ.யூ.சி.என் அலாஸ்கா, கனடா, ஸ்காண்டிநேவியா, ரஷ்யா எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிறது. அப்படிப் பார்த்தும் எண்ணிக்கை குறைந்துவருவதாகத்தான் சொல்கிறது. அமெரிக்க அறிவிப்பு அலாஸ்காவைச் சேர்க்காத 48 மாநிலங்களுக்கு. அங்கே மிச்சம் இருப்பவை ஏறத்தாழ 300.

பிரச்சினை பனியில் இருக்கிறது. பிப்ரவரி, மார்ச்சில் தாய் ஆழமான பனியைக் குடைந்து, அடியில் கிடக்கும் பாறை இடுக்கு வரை வளை தோண்டிக் குட்டி போடும். அந்தப் பனிதான் குட்டிகளுக்குக் கதகதப்பு, ஒளிவிடமும் அதுவே. மே நடுப்பகுதி வரை அது கரையாமல் நிற்க வேண்டும். ஓர் ஈற்றுக்கு இரண்டு மூன்று குட்டிகள், அதுவும் பெரும்பாலும் ஆண்டுதோறும் இல்லை. ஒரு தாயை இழந்தால் அந்த இடம் நிரம்பப் பல ஆண்டுகள் ஆகும்.

தடயம்:
எண்ணும் முறை இது. மரத்தில் ஒரு கம்பத்தைக் கிடையாகக் கட்டி, அதன் நுனிக்கு மேலே எட்டியும் எட்டாமலும் மான் தொடையையோ பீவர் உடலையோ கம்பியில் தொங்கவிடுவார்கள். வுல்வரின் கம்பத்தின் நுனிவரை வந்து பின்னங்காலில் நிமிரும்போது எதிரே இருக்கும் தானியங்கிக் கேமரா நெஞ்சைப் படம்பிடிக்கும். அங்குள்ள வெளிர்மஞ்சள் திட்டு ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு, நம் கைரேகை மாதிரி. பாலூட்டும் தாயா என்பதும் அதே படத்தில் தெரிந்துவிடும். அடிமரத்தில் அறைந்த கம்பித் தூரிகையில் சிக்கும் முடியிலிருந்து மரபணுச் சோதனை.

சொதப்புவது பெரும்பாலும் உயரத்தில்தான். இலையுதிர் காலத்துத் தரையை வைத்து அளந்து கட்டினால், குளிர்காலத்தில் பனி ஏற ஏறக் கம்பமே புதைந்துபோகும். விலங்கு பனிமேல் நின்றபடியே இறைச்சியை இழுத்துக்கொண்டு போய்விடும், நெஞ்சுப் படம் கிடைக்காது. முடியை ஈரத்தோடு மூடிவைத்தால் மரபணு சிதைந்துவிடும். காகித உறையில் போட்டு, கூடவே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வைக்க வேண்டும்.

பனிமலை:
பரவுவதிலும் சிக்கல் உண்டு. எம்56 என்ற ஆண் வுல்வரின் 2009இல் வயோமிங்கிலிருந்து கொலராடோவுக்கு நடந்தே வந்தது. 2016இல் வடக்கு டகோட்டாவில் சுட்டுக் கொல்லப்பட்டது. ஆண்கள் இப்படி வெகுதூரம் போகும், பெண்கள் பெரும்பாலும் பிறந்த இடத்தருகே தங்கிவிடும். அதனால் ஓர் ஆண் வந்து சேர்ந்தாலும் அங்கே குடும்பம் உருவாகாது. கொண்டுவந்து விட்டால்தான் உண்டு. கொலராடோ அதற்கு 2024இல் சட்டம் இயற்றியது.

தடயம்:
ஸ்வீடனையும் பாருங்கள். ரெயின்டீர் மேய்க்கும் சாமி பழங்குடிக் கிராமங்களுக்கு, 1996 முதல், வுல்வரின் கொன்ற ரெயின்டீர் மானைக் கணக்கிட்டு இழப்பீடு தருவதில்லை. அவர்கள் பகுதியில் வுல்வரின் எத்தனை ஈற்று ஈன்றது என்ற கணக்கில் பணம். தாய் உயிரோடு இருந்தால்தான் அடுத்த முறையும் பணம் வரும்.