பண்டாரவளையிலிருந்து மட்டக்களப்புக்குச் சைக்கிள் பயணம்: வழி தெரிந்தவர்களின் உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பண்டாரவளைக்கு அருகிலுள்ள தோட்டமொன்றில் வசிக்கும் நானும் தம்பியும், வருகிற ஆவணியில் எல்ல, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக மட்டக்களப்புக்குச் சைக்கிளில் செல்ல எண்ணியுள்ளோம். சிறுவயதில் அப்பாயியுடன் கிழக்குக் கரையிலுள்ள திருக்கோவில் என்ற ஊருக்குப் போனபோது, முன்பின் அறியாத ஓர் அம்மா எங்களைத் திண்ணையில் அமர்த்தி, செம்பு நிறைய மோர் தந்து, வெயில் தாழ்ந்த பிறகே போகவிட்டார். அந்தக் கரையோர மக்களின் அன்பை மறுபடியும் காணவே இப்பயணம்.

முதல் கவலை இறக்கம். சென்ற மாதம், ஆயிரம் மீற்றருக்கு மேல் உயரத்திலுள்ள எல்லயிலிருந்து வெல்லவாய நோக்கி இறங்கிப் பார்த்தபோது, இராவணன் நீர்வீழ்ச்சியைத் தாண்டியதுமே பிறேக் கட்டைகள் சூடேறி இறப்பர் கருகும் வாடை வந்தது. சக்கர விளிம்பில் விரல் வைக்க முடியவில்லை. இத்தகைய நீண்ட இறக்கத்துக்கு எவ்வகைக் கட்டைகள் பொருந்தும், எங்கெங்கே நின்று ஆறவிட வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து கூறுங்கள்.

இதைவிட முக்கியமானது, சியம்பலாண்டுவவுக்கும் பொத்துவிலுக்கும் இடையில் வீதி லாகுகல காட்டினூடே செல்வதால், யானை நடமாட்டம் குறைந்த நேரம் எது என்பதாகும். தேவையானால் அத்தூரத்தைப் பஸ்ஸில் கடக்கவும் தயங்கமாட்டோம்.

பொத்துவிலுக்கு அப்பால் கோமாரி, அக்கரைப்பற்று, கல்முனை வரையான சமதரையில் கச்சான் எனப்படும் தென்மேற்குக் காற்று எந்நேரம் கடுமையாக வீசும், இரவு தங்க எளிய இடங்கள் உண்டா என்பதையும் அப்பகுதி உறவுகள் அறியத்தந்தால் நன்றியுடையவர்களாவோம். மட்டக்களப்பு ரயில் மாகோ வழியாகச் சுற்றிச் செல்வதால், சைக்கிள்களுடன் பதுளைக்குத் திரும்ப உதவும் பஸ் பற்றிய விபரமும் தேவை.