பண்ணாடி (பெரிய பண்ணைக்காரர்) வூட்டுக்குள்ள போய் வந்தவங்க இருக்கீங்களா?

கொறங்காட்டான்:
காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல மண்பாதை பிரியுமில்லீங்களா, அந்தப் பக்கம்தான் எங்க அமுச்சி (அம்மாவைப் பெத்தவங்க) ஊரு. ஊரு பேரும் வூட்டுக்காரங்க பேரும் வேண்டாமுங்க, பங்காளிகளுக்குள்ள கேஸ் நடக்குது. குடியிருக்க ஆளில்ல, விக்கவும் வழியில்ல. ஜமீன் வூடுன்னு சொல்லுவாங்க.

சின்ன வயசுல லீவுக்குப் போனா, "அந்தப் பக்கம் போகாதீங்கடா, முனி இருக்குது"ம்பாங்க அமுச்சி. போன மாசம் ஒறம்பரை (சொந்தக்காரங்க) வூட்டுக் காதுகுத்துக்குப் போனவன், பொழுதோட சும்மா அந்தப் பக்கம் நடந்தேன். கிளுவை வேலி இருந்த எடத்துல இப்ப சீமைக்கருவேலந்தான். வேலியில இருந்த ஒரு தொண்டு (சந்து) வழியா நுழைஞ்சு போனேன்.

முன்னால கல்தூணு வெச்ச திண்ணை. நெலவு (வாசக்கதவு நிலை) அத்தனை பெருசு, ஆனா ஒசரம் கம்மி, குனிஞ்சுதான் போகோணும். உள்ள தொட்டிக்கட்டு. நடுவுல வானம் பாத்த வாசல், சுத்தியும் தாவாரம், தாவாரத்தைத் தாண்டி ஆசாரம்ங்கற கூடம். நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணியும் தொட்டியில விழுந்து, கல்லு வாய்க்கால்ல பொடக்காணிக்கு (கொல்லைப்பக்கம்) போற மாதிரி வாட்டம் வெச்சிருக்காங்க. அந்த வாய்க்கா இன்னும் அடைக்கல. தொட்டிக்குள்ள ஒரு வேப்பங்கன்னு என் ஒசரத்துக்கு வளந்து நிக்குது.

ஒடைஞ்ச ஓடு ஒண்ணைப் பொறுக்கித் திருப்பிப் பாத்துட்டு இருக்கறப்ப, அட்டாலில (பரண்) இருந்து ஒரு சத்தம். "ஷ்ஷ்ஷ்ஷ்"னு மனுசன் மூச்சு விடற மாதிரி, ஆனா மனுசனால அவ்வளவு நேரம் முடியாது. ஓடியே வந்துட்டேனுங்க, எதுக்குப் பொய் சொல்லோணும். ஒரு செருப்பு இன்னும் அங்கதான் கெடக்குது. கையில இருந்த ஓட்டை மட்டும் எப்படியோ விடல. பின்பக்கம் பாசல் மிஷன்னு அச்சு, கூடவே 1865. அப்ப வூட்டுக்கு வயசு நூத்தம்பதுக்கு மேலங்களா? இந்த மாதிரி வூட்டுக்குள்ள போனவங்க உங்க அனுபவத்தையும் சொல்லுங்க.

ராக்கோழி:
முனியுமில்ல ஒண்ணுமில்ல, கூகைங்க. வெள்ளை மூஞ்சி, ஆப்பிளை ரெண்டா அறுத்து வெச்ச மாதிரி. குஞ்சுக இரை கேக்கறப்ப அப்படித்தான் இரையும். எங்க பருத்தி குடோன்ல மூணு வருசமா இருக்குது, அது வந்ததுல இருந்து எலித் தொல்லை இல்ல. செருப்பைத் தாராளமாப் போயி எடுத்துக்கோங்க.

ஓட்டுக்கடை:
அப்பாரு காலத்துல இருந்து எங்களுக்கு ஓட்டு யாவாரம். அந்த 1865-ஐப் பாத்து ஏமாந்தவங்க லிஸ்ட்ல நானும் உண்டு. மங்களூர்ல பாசல் மிஷன்ங்கற கிறிஸ்தவ மிஷனரிக்காரங்க ஓட்டு பேக்டரி ஆரம்பிச்ச வருசம் அது. அப்பறம் கோழிக்கோடு, பாலக்காடுன்னு கிளை போட்டாங்க. எத்தனையோ வருசம் கழிச்சு சுட்ட ஓட்டுலயும் அதே 1865-ஐக் குத்தித்தான் அனுப்புனாங்க. அல்புகர்க்குன்னு இன்னொரு கம்பெனி ஓட்டைத் திருப்புனா 1868 இருக்கும், அதுவும் கம்பெனி ஆரம்பிச்ச வருசந்தான். முதல் உலகப்போர் வந்ததும் ஜெர்மன்காரங்க சம்பந்தப்பட்ட சொத்துன்னு வெள்ளைக்கார சர்க்கார் பேக்டரிகளை எடுத்துக்குச்சு, அப்பறம் காமன்வெல்த் டிரஸ்ட்னு வேற கைக்குப் போயிருச்சு. ஓட்டை வெச்சு இதுக்கு மேல நாயம் பேச முடியாது.

ஆனா வூடு ஓட்டைவிடப் பழசா இருக்கலாமுங்க. மங்களூர் ஓடு வர்றதுக்கு முந்தி இங்க எல்லாம் நாட்டு ஓடுதானே. சின்னச் சின்ன ஓடு, அடுக்கடுக்கா வேயோணும், அதைத் தாங்கறதுக்குப் பட்டியலை (குறுக்கால அடிக்கற மரச்சட்டம்) நெருக்கி அடிக்கோணும். சீமை ஓட்டுக்கு, அதான் மங்களூர் ஓட்டுக்கு, ஓரடிக்கு ஒரு ரீப்பர் (அதே பட்டியல்தான்) போதும். அடுத்த வாட்டி போனா அண்ணாந்து கைமரத்தை (கூரையைத் தாங்கற சாய்வு மரம்) பாருங்க. ஓரடிக்கு ஒரு ரீப்பர் இருந்து, அதுக்கு நடுவுல பழைய ஆணித் தடம் நெருக்க நெருக்கமா இருந்துச்சுன்னா, நாட்டு ஓட்டை இறக்கிட்டுச் சீமை ஓடு ஏத்துன வூடு. பெரும்பாலும் முன்பக்கத்தை மட்டும் மாத்திட்டு, அடுப்படிப் பக்கம் பழசையே விட்டிருப்பாங்க. கௌரவமெல்லாம் ரோட்டைப் பாத்த பக்கத்துக்குத்தானே.

மேட்டாங்காடு:
ஒரு சின்னத் திருத்தம். பெரிய வூடெல்லாம் ஜமீன் ஆயிராது. பழையகோட்டைப் பட்டக்காரர், ஊத்துக்குளி பாளையக்காரர் இவங்க கதை வேற. நீங்க சொல்றது வெறும் பெரிய பண்ணையமா இருக்கும். 1948-ல வந்த ஜமீன் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் இந்த மாதிரி வூட்டைத் தொட்டிருக்காது. இதையெல்லாம் தொட்டது 1961 நில உச்சவரம்புச் சட்டம். ஒரு குடும்பத்துக்கு 30 ஸ்டாண்டர்டு ஏக்கர்னு (நெலத்தோட தரத்தை வெச்சுக் கணக்குப் போடற ஏக்கர்) ஆரம்பிச்சு, 1970-ல 15 ஆக்கிட்டாங்க. எங்க பெரியப்பா வூட்டுலயும் அதே கதைதான். காடு கொறஞ்சுது, மாடு பூட்டித் தண்ணி இறைக்கற கவலை போயி கரண்டு மோட்டாரு வந்துச்சு, பசங்க திருப்பூருக்கு பனியன் கம்பெனி வெக்கப் போயிட்டாங்க. பத்து குலுக்கை (தானியம் போட்டு வெக்கற குதிர்) இருக்கற வூட்டுல போட்டு வெக்கறதுக்குக் கம்பு இல்ல.

கொத்தனார் மகன்:
இது என் மண்டையில நானே கொட்டிக்க வேண்டிய அனுபவம். மாமியார் வூடும் தொட்டிக்கட்டுதான், மண்ணுச் செவுரு, மேல சுண்ணாம்புப் பூச்சு. ஒரு மூலையில பூச்சு உதுந்துச்சுன்னு, சைட்டுல மிச்சமான ரெண்டு மூட்டை சிமெண்டைக் கொண்டுபோயி வழவழன்னு பூசிட்டு வந்தேன். எங்கய்யன் அப்பவே சொன்னாரு. மண்ணுச் செவுரு அடியில இருந்து ஈரத்தை இழுத்துட்டே இருக்கும், சுண்ணாம்பு அதை வெளிய விட்டுரும், சிமெண்ட் விடாதுன்னு. அவங்க காலத்துல சுண்ணாம்பை நீத்துப் போட்டு, மணலோட செக்குல அரைச்சு, கடுக்காயும் கருப்பட்டியும் ஊறுன தண்ணியை ஊத்தி நாள்கணக்குல புளிக்க வெப்பாங்களாம். எனக்கு அதுக்கெல்லாம் ஏது நேரம்?

ரெண்டு மழை தாங்குச்சு. மூணாவது ஐப்பசியில செவுத்தைத் தட்டுனா டொம்முன்னு கேக்குது. ஒரு நா வெடியால கதவளவு பாளம் அப்படியே உருவி விழுந்துருச்சு. நல்லவேளை, மாமியா பொடக்காணியில இருந்தாங்க. உள்ள பாத்தா செவுரு பிசைஞ்ச மாவாட்டம் இருக்குது. அய்யன் வந்தாரு. திட்டவே இல்ல. ஒரு கட்டியை எடுத்து என் கையில வெச்சு, விரலை மடக்கி விட்டாரு. விரலிடுக்குல சேறு வந்துச்சு. பழைய வூட்டுக்குச் சிமெண்ட் பூசலாமான்னு யாராவது கேட்டா இப்ப நான் கையைத்தான் காட்டறது.

கட்டுத்தாரை:
நெலவு, ஆசாரம்னு எல்லாரும் பேசறீங்க. எங்க அப்பாரு (தாத்தா) இப்படி ஒரு வூட்டுல முப்பது வருசம் பண்ணையத்துல இருந்தவரு. ஆசாரத்துல எத்தனை தூணுன்னு கேட்டா அவருக்குத் தெரியாது. பொடக்காணியைத் தாண்டி விட்டதில்ல. ஆனா கட்டுத்தாரையில (மாடு கட்டற எடம்) எந்த மொளைக்கு எந்த மாடு, எந்தக் குலுக்கையில கம்பு, எதுல சோளம், எல்லாம் இன்னைக்கும் சொல்லுவாரு.

போன வருசம் அவரைக் கூட்டிட்டுப் போனேன். முன்கதவே இல்ல, யாரோ பேத்து வித்துட்டாங்க. தடுக்கவும் ஆளில்ல. "இப்படி வாங்கப்பாரு, முன்வாசல்லயே போலாம்"னேன். காதுல வாங்காத மாதிரி செவுத்தைச் சுத்திட்டுப் பொறவாலயே போனாரு. நேரா சேந்துகிணத்துக்கு. ஓரக்கல்லுல கயிறு உரசி உரசிப் பள்ளம் விழுந்திருக்குது, நாலஞ்சு எடத்துல. அதுல ஒண்ணுல சுண்டுவிரலை வெச்சுப் பாத்தாரு, முழுசா உள்ள போச்சு. "இது நம்முளுது"ன்னாரு. எந்தப் பக்கம் நின்னு சேந்துவாருன்னு அவருக்குத்தானே தெரியும். வூட்டுக்குள்ள நான் மட்டும் போயி நாலு போட்டோ எடுத்துட்டு வந்தேன், அவரு பாக்கக் கூட கேக்கல.

கொறங்காட்டான்:
எல்லாத்துக்கும் நன்றிங்க. நேத்து பகல்லயே போனேன். கூகைதான், மூணு குஞ்சு, ஒண்ணு இன்னும் பஞ்சாட்டம் இருக்குது. ஓட்டுக்கடைக்காரர் சொன்ன மாதிரி அண்ணாந்து பாத்தேன். முன் ஆசாரத்துக் கைமரத்துல பழைய ஆணித் தடம் வரிசையா இருக்குது. அடுப்படி மேல நாட்டு ஓடு அப்படியே கெடக்குது. அப்ப 1865 ஓடு வேஞ்ச தேதியுமில்ல, வூடு கட்டுன தேதியுமில்ல. கட்டுத்தாரை சொன்னதைப் படிச்சுட்டுக் கெணத்தையும் போய்ப் பாத்தேன், இங்கயும் ஓரக்கல்லுல அஞ்சு பள்ளம். யாரோடதுன்னு கேக்க ஊருல ஒரு பெரியவரு இருக்காரு, அடுத்த வாரம் அவரைப் பாக்கோணும்.

குஞ்சுக பறக்கட்டும், அப்பறம் ஏணி போட்டு அடுப்படி மேல ஏறிப் பாக்கலாம்னு இருக்கேன். வர்றவங்க முழுக்கால் பேண்ட், நல்ல செருப்போட வாங்க, முள்ளு முச்சூடும். என் செருப்பு கெடைக்கல, நாய் எடுத்துட்டுப் போயிருச்சாட்ட இருக்குது.