மறு: ‘பந்தய நிலை’ வேண்டாம், ‘முந்தல் வழு’ என்போம்

வணக்கம். இரண்டு வேலைகள் ஒரே சமயத்தில் நடக்கும்போது, எது முந்துகிறது என்பதைப் பொறுத்து வரும் மென்பொருள் வழுவை, அதாவது பிழையை, ஆங்கிலத்தில் ‘ரேஸ் கண்டிஷன்’ என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> ரேஸ் என்றால் பந்தயம், கண்டிஷன் என்றால் நிலை. ‘பந்தய நிலை’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, இதை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. ஓடுவதும் பந்தயம், பணம் கட்டுவதும் பந்தயம். ‘நிலை’ பாடு இன்னும் கடினம். ஸ்டேட், ஸ்டேட்டஸ், மோட் மூன்றையும் ஏற்கெனவே அதன் தலையில் கட்டியிருக்கிறோம். இரண்டையும் சேர்த்தால் புதிதாகப் படிக்க வரும் பிள்ளைக்கு என்ன விளங்கும்?

எது முந்துகிறது என்பதைப் பொறுத்து விடை மாறுகிறது. இந்த வழுவின் உயிரே அதுதான். 2019 ஜூலை 10, மான்செஸ்டரில் உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதி. தோனி இரண்டாவது ரன்னுக்கு ஓடுகிறார், நியூசிலாந்தின் கப்டில் எறிந்த பந்து நேராக ஸ்டம்பில் படுகிறது. மட்டை கோட்டைத் தாண்டுமுன் பந்து முந்திவிட்டது. அதே ஓட்டம், அதே எறி, ஒரு கணம் முன்பின்னாகியிருந்தால் அவர் ஆட்டமிழந்திருக்க மாட்டார். அன்றைய வலி எனக்கு இன்னும் ஆறவில்லை. நிரலில் ஒரே நேரத்தில் ஓடும் இரண்டு இழைகள் ஒரே மாறியில் உள்ள மதிப்பைத் தொடும்போதும் இப்படித்தான்: நூறு முறை சரியாக ஓடும், நூற்றோராவது முறை கவிழும்.

> ‘காலவழு’ என்றால் என்ன? சுருக்கமாகவும் இருக்கிறது.

அழகான சொல், ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. நன்னூல் சொல்லும் ஏழு வழுக்களில் அதுவும் ஒன்று. ‘நாளை வந்தான்’ என்பது காலவழு என்று பள்ளியிலேயே படித்துவிட்டோம். ‘வழு’வை இலக்கணத்திலிருந்து எடுத்துத்தான் பக் என்பதற்கு வைத்திருக்கிறோம், அதன் உட்பிரிவையும் எடுத்து வேறு பொருள் ஏற்றினால் குழப்பம்தான் மிஞ்சும்.

> டேட்டா ரேஸும் இதுவும் ஒன்றுதானே? ஒரே சொல் போதாதா?

போதாது. இதைத்தான் கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். போன வாரம் எங்கள் வீட்டுச் சாம்பாரில் உப்பு இரண்டு மடங்கு. அம்மா ருசி பார்த்தார், உப்பு இல்லை. டப்பாவை எடுக்கப் போனார். அந்த இடைவெளியில் என் மனைவியும் ருசி பார்த்தார், உப்பு இல்லை. இருவரும் போட்டார்கள். இருவருடைய கையும் ஒரே நேரத்தில் பாத்திரத்துக்குள் போகவில்லை. ஒருவர் கரண்டி விடும்போது மற்றவர் விலகித்தான் நின்றார். ஆனாலும் தவறு நடந்தது. பார்ப்பதற்கும் போடுவதற்கும் நடுவே இன்னொருவர் புகுந்ததே காரணம். இது ரேஸ் கண்டிஷன். பூட்டே இல்லாமல், அதாவது ஒருவர் தொடும்போது மற்றவரைத் தடுக்கும் ஏற்பாடே இல்லாமல், ஒரே நினைவக இடத்தில் ஒருவர் எழுத, அதே வேளையில் மற்றவர் படிப்பதோ எழுதுவதோ டேட்டா ரேஸ். அணுகல் ஒவ்வொன்றையும் தனித்தனியே பூட்டினால் பின்னது தீரும், முன்னது தீராது. ருசி பார்ப்பதையும் உப்புப் போடுவதையும் சேர்த்தே பூட்ட வேண்டும்.

இரண்டையும் ஒரே பெயரால் அழைத்தால், பூட்டுப் போட்டாயிற்று, இனிக் கவலையில்லை என்று மாணவர் நம்பிவிடுவார். அது ஆபத்து. 1985 முதல் 1987 வரை தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை இயந்திரத்தால் ஆறு விபத்துகள் நடந்தன, உயிர்களும் போயின. டெக்சாஸில் நடந்த விபத்துகளில், இயக்குபவர் தவறாக இட்ட எழுத்தைச் சில நொடிகளுக்குள் திருத்திவிட்டார். காந்தங்களை அமைத்துக்கொண்டிருந்த மென்பொருள் அந்தத் திருத்தத்தைக் கவனிக்கவில்லை. நிதானமாகத் தட்டச்சிட்டால் வராத வழு, பழகிய வேகக் கைக்கு வந்தது. கை இயந்திரத்தை முந்திவிட்டது.

ஆகவே என் பரிந்துரை: ரேஸ் கண்டிஷனுக்கு ‘முந்தல் வழு’. ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்று வீட்டில் புழங்கும் வினைதான், யாருக்கும் விளக்கவுரை தேவைப்படாது. டேட்டா ரேஸுக்குத் ‘தரவு மோதல்’ என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஒரே கோப்பில் இருவர் செய்த மாற்றங்களை இணைக்கும்போது வரும் மெர்ஜ் கான்ஃப்ளிக்டையும் சிலர் ‘மோதல்’ என்றே எழுதுகிறார்கள். அதற்கு ‘முரண்’ என்று ஒதுக்கிவிட்டால் இது நிற்கும். ஒதுக்கலாமா? மொழிபெயர்ப்புக் கோப்பில் கை வைக்குமுன் உங்கள் கருத்து வேண்டும்.

அன்புடன்,
ஒரு நிரலர்