பழைய எஸ்டிகே-யிலேயே இருப்பதா, புதியதற்கு மாறுவதா? (அவசரம்)

மடுவம்_தம்பி | வெள்ளி இரவு 9.42
அண்ணன்மார், அக்காமார், அவசர உதவி. பழைய எஸ்டிகே-யில் (சிப்புக்குக் கோட் எழுதும் மென்பொருள் பொதி) மூன்று வருடமாக ஓடிய கோட் புதிய எஸ்டிகே-யில் கம்பைல் ஆகமாட்டேன் என்கிறது. "எல்இடிசி-செட்டப் என்று ஒன்று அறிவிக்கப்படவில்லை" என்று சிவப்பாக வருகிறது. அதற்குக் கீழே இன்னும் ஐந்தாறு வரி. சரி, பழையதற்கே திரும்பலாம் என்று பார்த்தால் அதில் போர்டு லிஸ்டில் வரவில்லை. திங்கள் பின்னேரம் கொழுந்து வந்துவிடும், அதற்குள் ஓடியாக வேண்டும். பழையதா, புதியதா? ஒரு வார்த்தையில் சொன்னாலும் போதும்.

கோவை_சர்க்யூட் | 9.51
எந்த சிப் ப்ரோ? எந்த வெர்ஷனிலிருந்து எந்த வெர்ஷனுக்கு? விண்டோஸா, லினக்ஸா? அப்புறம், கொழுந்து வந்துவிடும் என்றால் என்ன, வெற்றிலையா?

கரண்ட்_மாமா | 9.58
தம்பி, முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள். மலைப்பக்கம் மழை வந்தால் கரண்ட் எப்படி ஆடும் என்று எனக்குத் தெரியும், பத்து வருடம் நானுஓயாவில் இருந்தவன். அடாப்டர் மலிவானது என்றால் வோல்ட் இறங்கி போர்டு தானாக ரீசெட் ஆகும். ஒரு 1000 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் போட்டுப் பாருங்கள்.

கோவை_சர்க்யூட் | 10.01
மாமா, கோட் இன்னும் கம்பைலே ஆகவில்லை. போர்டுக்குக் கரண்ட் கொடுத்தாரா என்பதே தெரியாது.

கரண்ட்_மாமா | 10.03
எல்லாம் கரண்டில்தான் தொடங்கும்.

நீலப்பல் | 10.20
இதே குழப்பத்தில் நான் போன வருடம் முழுக்கக் கிடந்தேன் அண்ணை, அனுபவத்தில் சொல்கிறேன். நோர்டிக் சிப்களுக்கான பழைய என்ஆர்எஃப்5 எஸ்டிகே 17.1.0-ஓடு நின்றுவிட்டது, அது 2021-ல் வந்தது. இனிப் புது வசதி எதுவும் அதில் வராது. புதியது செஃபிர் என்ற இயங்குதளத்தின் மேல் கட்டியது, கற்றுக்கொள்ள முதுகு முறியும். முன்பு ஒரே ஒரு கான்ஃபிக் ஹெடரைத் திறந்து ஒன்று, சைபர் என்று மாற்றினால் போதும். இப்போது டிவைஸ்ட்ரீ, கேகான்ஃபிக், வெஸ்ட் என்று மூன்று வாசலைத் தட்ட வேண்டும். பூட்லோடரும் வேறு. வெளியில் ஏற்கனவே ஓடுகிற கருவிகளைப் புதியதற்கு மாற்றுவது லேசான வேலை இல்லை. என் முடிவு: என்ஆர்எஃப்52 வரிசையில் பழைய ப்ராஜெக்ட் என்றால் அப்படியே விடுங்கள். 53, 54, 91 என்றால் புதியதுதான், வேறு வழி கிடையாது.

சோல்டர்_சேர் | 10.34
எல்இடிசி (வேகம், வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் பகுதி) என்ற சொல்லைப் பார்த்ததும் இது நோர்டிக் இல்லை, ஈஎஸ்பி32 சிப் என்று தெரிய வேண்டாமா? பதில் எழுதுமுன் கேள்வியை வாசிக்கும் பழக்கம் குறைந்துகொண்டே போகிறது. கேள்வி கேட்டவரும் அப்படியே. "பழையது, புதியது" என்பது வெர்ஷன் எண் ஆகாது. கடையில் போய் "பழைய அரிசியா, புது அரிசியா" என்று கேட்பது போல இருக்கிறது.

நீலப்பல் | 10.40
ஐயோ, அவசரத்தில் வாசித்துவிட்டேன். சரி, நோர்டிக் வைத்திருக்கிற யாருக்காவது உதவட்டும். அழிக்க மனம் வரவில்லை.

மடுவம்_தம்பி | 11.15
மன்னிக்க வேண்டும். இங்கே லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடுகள்) மேலே பாறைக்குப் போனால்தான் சிக்னல், அதனால் லேட். ஈஎஸ்பி32 தான் சேர், கோட் எழுதுவது ஆர்டுயினோ ஐடிஇ-யில், விண்டோஸ். பழையது 2.0.17, புதியது 3 என்று தொடங்குகிறது. தேயிலை பெக்டரியில் கொழுந்து வாட்டும் ட்ரஃபுக்கு (நீளத் தொட்டி) ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பெட்டி. மொத்தம் எட்டு. ஒன்று செத்துவிட்டது, அதற்குப் பதில்தான் இது. 55 ஆனதும் ஃபேன் தானாக மெதுவாகும், அதுதான் கோட்.

சோல்டர்_சேர் | 11.32
முதலில் ஒரு திருத்தம். ஆர்டுயினோ என்பது எஸ்டிகே அல்ல. எஸ்டிகே என்பது சிப்பைச் செய்யும் எஸ்பிரெசிஃபின் ஐடிஎஃப். ஆர்டுயினோ கோர் அதன் மேல் போர்த்திய போர்வை. 2.0 வரிசைக்கு அடியில் இருப்பது ஐடிஎஃப் 4.4. கோர் 3.0 2024 மே மாதம் வந்தது, அதற்கு அடியில் 5.1. நீங்கள் மேலே போர்வையை மாற்றினேன் என்று நினைக்கிறீர்கள், கீழே கட்டிலும் மாறிவிட்டது. ஐடிஎஃப் 4.4 2022 தொடக்கத்தில் வந்தது. ஒரு வெர்ஷனுக்கு 30 மாதம்தான் ஆதரவு, ஆகவே 2024 ஜூலையோடு அது முடிந்தது. காலாவதியான மருந்தை யாரும் வாங்கிக் குடிப்பதில்லை. புதியதற்கு மாறுங்கள். மாறும்போது நேரடியாக ஐடிஎஃபில் எழுதுங்கள். ஒரு எச்சரிக்கை: 5.0-இலிருந்து 32 பிட் முழுஎண் 'லாங்' வகையாகிவிட்டது. பிரின்ட்எஃப்-ல் சதவீதக் குறியோடு 'டி' போட்ட இடமெல்லாம் பிழை காட்டும். நான் ஒரு ப்ராஜெக்டில் நூற்றுக்கு மேல் திருத்தினேன்.

கோவை_சர்க்யூட் | 11.44
சார், அவருக்குத் திங்கட்கிழமை இலை வருகிறது. இரண்டு நாளில் ஐடிஎஃபில் புதிதாக எழுதச் சொல்கிறீர்கள்.

மடுவம் ப்ரோ, 3-க்கு மாறியே தீருவேன் என்றால் ஒரு பொறி இருக்கிறது, கவனம். முன்பு சேனல் எண் கொடுத்து செட்டப், பிறகு அட்டாச்-பின், இரண்டு வரி. இப்போது இரண்டும் போய் எல்இடிசி-அட்டாச் என்று ஒரே வரி: பின் எண் (வயர் செருகும் கால்), அதிர்வெண், ரெசல்யூஷன். அந்த இரண்டும் சிவப்பாகக் காட்டும், திருத்திவிடுவீர்கள். ஆனால் எல்இடிசி-ரைட் சிவப்பாகக் காட்டாது. பெயர் அதே, அடைப்புக்குள் இரண்டு எண் கேட்பதும் அதே. முன்பு முதல் எண் சேனல், இப்போது அது பின் எண். நீங்கள் சேனல் 0 என்று எழுதியிருந்தால் கம்பைல் ஆகும், ஏறும், ஃபேன் மட்டும் அசையாது. கோட் 0-ஆவது பின்னுக்கு வேகம் சொல்லிக்கொண்டிருக்கும். ஒரு ராத்திரி முழுக்க வயரைக் கழற்றி மாட்டிய பிறகுதான் எனக்கு இது புரிந்தது.

இன்னொன்று. ஆர்டுயினோ ஐடிஇ-க்குப் பதிலாக பிளாட்ஃபார்ம்ஐஓ-வுக்குப் போகலாம் என்று யாராவது சொன்னால், அதன் சொந்த ஈஎஸ்பி32 பொதி 2.0 வரிசையோடு நின்றது. 3 வேண்டுமானால் பயோஆர்டுயினோ என்ற கிளையைத்தான் போட வேண்டும்.

பழைய_டீமேக்கர் | சனி காலை 5.50
எஸ்டிகே எனக்குத் தெரியாது. ஆனால் "55 ஆனதும்" என்று தம்பி எழுதியது தூக்கம் கெடுக்கிறது. எது 55? காற்றின் ஈரமா, கொழுந்தின் ஈரமா? டிக்கோயாப் பக்கம் ஜூன், ஜூலையில் கொழுந்து வாட்டும் மாடிக்குள்ளே மிஸ்ட் வந்து நிற்கும். காற்றின் ஈரம் 55-க்கு இறங்க நீங்கள் அடுத்த வருடம் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

பேராதனை_பனி | 7.15
ஐயா, அவர் கொழுந்தின் எடையைச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு தட்டை எடை செல்லில் தொங்கவிட்டு, 100 கிலோவுக்கு 55 கிலோ ஆனதும் நிறுத்துவது.

பழைய_டீமேக்கர் | 7.31
அப்படியானால் இன்னும் மோசம். ஈரம் 55 என்பது வேறு, எடை 55 என்பது வேறு. கணக்குப் போட்டுப் பாருங்கள். பச்சைக் கொழுந்தில் 78 பங்கு தண்ணீர் என்று வையுங்கள், 100 கிலோவில் காய்ந்த சரக்கு 22 கிலோ. ஈரம் 55-க்கு வர எடை 49 கிலோவாக இறங்க வேண்டும். எடை 55 கிலோவிலேயே நிறுத்தினால் உள்ளே 33 கிலோ தண்ணீர் இருக்கிறது, அதாவது ஈரம் 60. அந்த 5-க்கு ரோலரில் போடும்போது சாறு ஒழுகும், பாருங்கள். நாங்கள் ஸ்டோருக்கு (பெக்டரிக்கு) வேலைக்குப் போன காலத்தில் மெஷின் ஒன்றும் இல்லை. ஒரு பிடி எடுத்து உருண்டையாகப் பிடிப்போம். கையை விட்டதும் மெதுவாக விரிய வேண்டும். தண்டு மடங்க வேண்டும், முறியக் கூடாது.

பேராதனை_பனி | 7.48
கை ஆளுக்கு ஆள் மாறும் ஐயா. உங்கள் கை சொல்வதை இரவு ஷிஃப்டில் இருக்கிற புதுப் பையனுக்கு யார் சொல்லிக் கொடுப்பது? காற்றின் ஈரம் பார்க்கும் வெப்பமானிகள், வெட் பல்ப், ட்ரை பல்ப் இரண்டும் மாடியில் தொங்கியது எதற்கு? அதுவும் கருவிதானே.

பழைய_டீமேக்கர் | 7.55
வெட் பல்ப் துணியில் தண்ணீர் வற்றியதைப் பார்க்காமல் எழுதிவைத்த புதுப் பையன்களையும் எனக்குத் தெரியும். கருவி பொய் சொல்லாது, துணி சொல்லும்.

சோல்டர்_சேர் | 8.20
இது தேயிலை வகுப்பு அல்ல. நான் சொன்ன விஷயம் இன்னும் அப்படியே கிடக்கிறது: ஆதரவு முடிந்த மென்பொருளைத் தொழிற்சாலையில் ஓட்டலாமா?

கோவை_சர்க்யூட் | 8.27
ட்ரஃபுக்கு வந்து யார் சார் ஹேக் பண்ணப்போகிறார்கள்? இன்டர்நெட்டே பாறை மேல்தான் இருக்கிறது என்கிறார்.

சோல்டர்_சேர் | 8.31
இந்த மனப்பான்மைதான் பிரச்சினை.

கரண்ட்_மாமா | 8.40
கெப்பாசிட்டர் போட்டாரா என்று இன்னும் சொல்லவில்லை.

பண்டாரவளை_வயர் | 9.05
எல்லோரும் கொஞ்சம் மூச்சு விடுங்கள். தம்பி முதல் பதிவிலேயே விடையைப் பாதி எழுதிவிட்டார், யாரும் பார்க்கவில்லை. "பழையதில் போர்டு லிஸ்டில் வரவில்லை" என்கிறார். சாதாரண ஈஎஸ்பி32 போர்டு 2.0.17-இல் வராமல் போகாது. தம்பி, புதுப் போர்டின் தகர மூடியில் என்ன அச்சடித்திருக்கிறது? எழுத்துக்கு எழுத்து சொல்லுங்கள்.

மடுவம்_தம்பி | 11.40
அக்கா, ஈஎஸ்பி32, அப்புறம் ஒரு கோடு, சி6. கொழும்பில் ஒரு கடையில் ஆர்டர் பண்ணினேன். "இதுவும் அதேதான், புதுசு" என்றார்கள். அதனால் சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை.

பண்டாரவளை_வயர் | 12.10
அதேதான் இல்லை தம்பி. பெயரில் மட்டும் சொந்தக்காரர். பழைய ஈஎஸ்பி32-இல் இருப்பது எக்ஸ்டென்ஸா வகைச் செயலி, இரட்டை. சி6-ஓ ரிஸ்க்-வி வகை, வேறு வீட்டுப் பிள்ளை. அதற்கு ஆதரவு ஐடிஎஃப் 5.1-இல்தான் வந்தது, அதனால் 2.0.17-க்கு அப்படி ஒரு சிப் இருப்பதே தெரியாது. பழையதா புதியதா என்று நீங்கள் கேட்கிறீர்கள், போர்டு வாங்கிய அன்றே அந்த முடிவு ஆகிவிட்டது.

சி6-ஐத்தான் போடுவேன் என்றால் கோர் 3 கட்டாயம். கோவைத் தம்பி சொன்ன ரைட் விஷயத்தைத் திருத்த வேண்டும். அதோடு தீராது. உங்கள் பழைய போர்டில் அனலொக் ஏதாவது 34, 35-இல் செருகியிருப்பீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்வோம். சி6-இல் பின் எண் 30-ஓடு முடிகிறது, 34 என்று ஒன்றே இல்லை. அனலொக் 0 முதல் 6 வரை மட்டும். 25, 26-இல் டாக் (எண்ணை வோல்டேஜாக மாற்றும் பகுதி) வைத்து வோல்டேஜ் எடுத்திருந்தால் சி6-இல் டாக்கே கிடையாது. பெட்டிக்குள் வயரை எல்லாம் மாற்றிக் கட்ட வேண்டும். திங்களுக்குள் அது ஆகாது. அவசரத்தில் மாற்றிக் கட்டி நடு இரவில் ஃபேன் நின்றால் ட்ரஃபில் கொழுந்து சூடேறிச் சிவந்துபோகும். அந்தப் பழி உங்கள் தலையில்தான் விழும்.

ஆகவே: ஈஎஸ்பி32 வ்ரூம்-32 என்று தகரத்தில் போட்ட பழைய போர்டு ஒன்று தேடுங்கள். கண்டியில், ஹட்டனில் கேட்டுப் பாருங்கள், ரிப்பேர் கடைகளில் கூட பாவித்தது கிடக்கும். அதே கோட், அதே 2.0.17, அதே வயர். மற்ற ஏழு பெட்டியையும் தொடவே வேண்டாம். ஐடிஇ "அப்டேட் இருக்கிறது" என்று கேட்டாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள். இன்றே உங்கள் கம்பியூட்டரில் ஆர்டுயினோ15 என்ற ஃபோல்டரை முழுக்க ஒரு பென் டிரைவில் கொப்பி பண்ணி வையுங்கள், அதில்தான் கோரும் கம்பைலரும் இருக்கிறது. லைப்ரரிகளையும் சேர்த்து. கம்பியூட்டர் போனால் பாறை மேல் ஏறி நூற்றுக்கணக்கான எம்பி இறக்க முடியாது.

சி6-ஐத் தூக்கி எறிய வேண்டாம். ஓய்வு இருக்கும்போது மேசையில் வைத்து 3-இல் பழகுங்கள். கோர் 3 பழைய ஈஎஸ்பி32-ஐயும் ஏற்கும். அடுத்த வருடம் எட்டையும் ஒரே நாளில் மாற்றலாம். சோல்டர் சேர் சொல்வதில் பிழை இல்லை, நாள் மட்டும்தான் பிழை.

சோல்டர்_சேர் | 12.26
போர்டு பெயர் முதலிலேயே கிடைத்திருந்தால் நானும் இதையே சொல்லியிருப்பேன்.

நீலப்பல் | 12.30
நான் நோர்டிக் எழுதியிருக்கமாட்டேன்.

பழைய_டீமேக்கர் | 1.05
அக்கா சொன்னதோடு ஒன்று: ஃபேனுக்குக் கையால் போடுகிற சுவிட்ச் ஒன்று தனியாக இருக்க வேண்டும். பெட்டி செத்தாலும் ஃபேன் ஓட வேண்டும்.

கோவை_சர்க்யூட் | ஞாயிறு இரவு 8.14
ப்ரோ, போர்டு கிடைத்ததா?

மடுவம்_தம்பி | திங்கள் இரவு 10.52
கண்டியில் கிடைத்தது அக்கா. 2.0.17. ஓடுகிறது. இப்போது ட்ரஃபுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

பண்டாரவளை_வயர் | செவ்வாய் காலை 6.30
சந்தோஷம். பென் டிரைவ்?

பழைய_டீமேக்கர் | 6.41
எந்த 55 என்று இன்னும் சொல்லவில்லையே தம்பி?