குரல் நாணில் கட்டி: இரண்டு ரிப்போர்ட், இரண்டு பதில்

கரும்பலகை:
18 வருடமாகக் கணக்கு டீச்சர். ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து குரல் கரகரப்பு. முதலில் சளி என்றார்கள், அப்புறம் அசிடிட்டி. மூன்று மாதம் மாத்திரை விழுங்கிய பிறகுதான் மூக்கு வழியாக ஸ்கோப் விட்டார்கள். இடது குரல் நாணின் பின்பகுதியில், மிளகு அளவில், வெளிர் மஞ்சள் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் 'ஸ்குவாமஸ் செல் கார்சினோமா சந்தேகம்', அதாவது ஒரு வகைப் புற்று. புகையிலை வாடையே ஆகாதவள் நான். தங்கை விடவில்லை, ஸ்லைடை வேறு ஊரில் காட்டினோம். அங்கே 'கிரானுலர் செல் கட்டியாக இருக்கலாம், புற்றாகத் தெரியவில்லை' என்கிறார்கள். யாரை நம்புவது? ஆபரேஷன் செய்தால் குரல் என்ன ஆகும்?

ஸ்லைடுக்காரன்:
பெத்தாலஜி லேபில் வேலை. டீச்சர், கிரானுலர் செல் கட்டி குழப்புவதில் பெயர் போனது. கட்டி அடியில் இருக்கும். அதன்மேல் உள்ள தோல் தடித்து, வேர்விட்டதுபோல் கீழே இறங்கும். மேலாகக் கிள்ளிய திசுவில் அது மட்டும் வந்தால் அச்சு அசலாகப் புற்றுபோலவே தெரியும். அடித்திசுவில் பொடிமணிகள் நிறைந்த பெரிய செல்கள் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். முதல் லேபில் பாரஃபின் பிளாக் (திசுவைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டை) கேட்டு வாங்குங்கள், ஸ்லைடு மட்டும் போதாது. எஸ்-100 சாயம் போடச் சொல்லுங்கள். 1926இல் அப்ரிகோசோவ் என்ற ரஷ்யப் பெத்தாலஜிஸ்ட் இந்தக் கட்டியைத் தசைக்கட்டி என்று நினைத்தார். இப்போது நரம்பு உறைச் செல்லிலிருந்து வருவதாகக் கொள்கிறார்கள். அந்தச் செல்கள் எஸ்-100இல் நிறம் பிடிக்கும். அடித்திசுவே வரவில்லை என்றால் ஆழமாக இன்னொரு பயாப்ஸிதான்.

தொண்டை டாக்டர்:
கிரானுலர் செல் என்று உறுதியானால் கதிர்வீச்சு வேண்டாம். இந்தக் கட்டியைச் சுற்றித் தனி உறை கிடையாது, அதனால் சுற்றியுள்ள திசு விளிம்போடு முழுசாக எடுக்க வேண்டும். மிச்சம் வைத்தால் திரும்ப வளரலாம். வாய் வழியாக, மைக்ரோஸ்கோப்பில் பார்த்து, நுண்கருவியாலோ லேசராலோ எடுப்போம். பேசும்போது அதிகம் அதிர்வது நாணின் முன்பகுதி. உங்களுடையது பின்னால் இருப்பது ஆறுதல்தான், ஆனால் பழைய குரல் அப்படியே வரும் என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

ஓதுவார்:
எனக்கு வந்தது வேறு, நீர்க்கட்டி. ஆபரேஷன் இதே மாதிரிதான். ஒரு வாரம் மௌனம். கிசுகிசுக்கவும் கூடாது என்றார்கள், அது தெரியாமல் வீட்டில் கிசுகிசுத்துத் திட்டு வாங்கினேன். ஸ்பீச் தெரபியை விட்டுவிடாதீர்கள் அம்மா.

கரும்பலகை:
பிளாக் கிடைத்தது. எஸ்-100 பாசிட்டிவ், அடித்திசுவில் பெரிய செல்களும் தெரிகிறதாம். காலாண்டு விடுமுறையில் ஆபரேஷன். வீட்டுக்கு ஒரு சிலேட்டும் வாங்கியாச்சு.