பூனை இருக்கும் வீட்டில் நாய்க்குட்டி: வாலாட்டினால் அறை வாங்குவது ஏன்?

சத்துவாச்சாரி வாசகி:
எங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பெண் பூனை ஒன்று உள்ளது. தெருவில் கிடந்த மூன்று மாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றை என் மகன் அண்மையில் தூக்கி வந்தான். குட்டி வாலை ஆட்டிக்கொண்டு, முன்னங்கால்களைத் தரையில் தாழ்த்திப் பின்புறத்தை உயர்த்தியபடி பூனையை நெருங்குகிறது. பூனையோ காதுகளைப் பின்னால் மடித்து, வாலைப் படபடவென்று தரையில் அடித்து, சீறிவிட்டு அதன் மூக்கில் ஓர் அறை விடுகிறது. வேலூர் வெயிலுக்கு இரண்டுமே குளியலறை வாசலின் குளிர்ந்த தரையைத் தேடி வருவதால் அங்கேதான் சண்டை மூள்கிறது. குட்டியை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் மாமியார். இவை பழகுமா?

பாலாற்றங்கரை:
பழகும். குட்டி செய்வது விளையாட்டுக்கான அழைப்பு. ஆனால் நாய் மகிழ்ச்சியில் ஆட்டும் வாலைப் பூனை எரிச்சலில் ஆட்டுகிறது. பூனை நட்போடு நெட்டுக்குத்தாக உயர்த்தும் வாலோ, விறைத்து நின்றால், நாய்களிடையே மிரட்டலாகவும் கொள்ளப்படும். போதாக்குறைக்கு, பூனைகள் மூக்கோடு மூக்கு வைத்து நலம் விசாரிக்க, நாய் நேரே பின்புறத்தை முகரப் போகிறது.

எனினும் 2008இல் டெல் அவீவ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட ஆய்வில், ஒரே வீட்டில் வளரும் நாயும் பூனையும், பொருள் நேர்மாறாக உள்ள சைகைகளைக்கூடப் பெரும்பாலும் சரியாகவே புரிந்துகொள்வது தெரியவந்தது. பூனை முதலில் குடியேறிய வீடுகளில் இணக்கம் கூடுதலாக இருந்தது என்பதால், வரிசை தங்களுக்குச் சாதகமாகவே அமைந்திருக்கிறது.

காட்பாடிக்காரன்:
இரண்டையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். தாமாகவே தீர்த்துக்கொள்ளும்.

குடியாத்தம் வாசகர்:
மேலே உள்ள யோசனையைத் தயவுசெய்து பின்பற்ற வேண்டாம். தப்பிக்க வழியில்லாத பூனை நகத்தை நீட்டி அடிக்கும். அந்த அடி குட்டியின் கண்ணில் பட்டால் பார்வையே போய்விடலாம். முதலில் சில நாட்கள் தனித்தனி அறையில் வைத்து, குட்டி படுத்த சாக்கைப் பூனை இருக்கும் இடத்திலும், பூனையின் துணியைக் குட்டியிடமும் போட்டு, வாசனை பழகட்டும். பிறகு குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு தொலைவிலிருந்தே காட்டுங்கள். அது பாயாமல் உட்காரும்போதெல்லாம் ஏதாவது தின்னக் கொடுங்கள். பரணுக்கோ பீரோவின் மேலோ பூனை ஏற வழி இருக்கட்டும், அதன் சோற்றுக் கிண்ணமும் குட்டிக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். குளியலறை வாசலை ஒன்றுக்கு விட்டுவிட்டு, மற்றதற்கு வேறிடத்தில் ஈரச் சாக்கு விரித்தால் பாதிச் சண்டை குறையும். மூன்று மாதம் ஆகிவிட்டதால், வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடாதீர்கள்.

சத்துவாச்சாரி வாசகி:
மிக்க நன்றி. வாலை நெட்டுக்குத்தாகத் தூக்கிக்கொண்டு எங்கள் பூனை போய் உரசுவது மாமியாரின் காலில் மட்டும்தான். அதுவும் நட்புதானா?

பாலாற்றங்கரை:
ஐயமே வேண்டாம். கன்னத்தை உரசித் தன் வாசனையை அவர்மேல் பதிக்கிறது. குட்டியைக் காட்டும் வேளையில் அவரையே பூனையின் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இசைவாரா என்பதைத் தாங்கள்தான் பேசிப் பார்க்க வேண்டும்.