டெஸ்டோஸ்டிரோன் 236 வந்திருக்கிறது, ஊசியை ஆரம்பிக்கலாமா?

கேட்டவர்: ஷிப்ட்பறவை

எல்லோருக்கும் வணக்கம். வயது 27, சென்னை, அமெரிக்க நேரத்துக்கு வேலை. சாயங்காலம் ஆறரைக்கு கேப் ஏறினால் வீடு திரும்ப விடியற்காலை நாலரை ஆகிவிடும். ஐந்தரைக்குப் படுத்தாலும் ஒன்பதரைக்கு மேல் தூங்க முடிவதில்லை, பக்கத்து மனையில் வீடு கட்டுகிறார்கள், கம்பி அறுக்கும் சத்தம் ஆரம்பித்துவிடும். ஏழெட்டு மாதமாக உடம்பில் தெம்பே இல்லை. இரண்டு மாடி ஏறினால் உட்காரத் தோன்றுகிறது, எதற்கெடுத்தாலும் எரிச்சல், அப்புறம் அந்த விஷயத்தில் ஆசையே போய்விட்டது. இரண்டு வருடத்தில் 14 கிலோ ஏறி இப்போது 93. வருகிற தை மாதம் கல்யாணம். யாரிடமும் வாய்விட்டுச் சொல்ல முடியாமல்தான் இங்கே எழுதுகிறேன்.

போன மாதம் ஒரு முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்தேன். மதியம் மூன்று மணிக்கு வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்தார்கள், அப்போதுதான் சாப்பிட்டு முடித்திருந்தேன். மறுநாள் ரிப்போர்ட்டில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 236, சிவப்பு எழுத்தில். அந்த லேபில் கீழ்வரம்பு 270 என்று போட்டிருக்கிறது. ஆண்களுக்கான கிளினிக் ஒன்றுக்குப் போனேன். ரிப்போர்ட்டைப் பார்த்த இரண்டாவது நிமிடமே, இதுதான் பிரச்சினை, 15 நாளுக்கு ஒரு டெஸ்டோஸ்டிரோன் ஊசி, மூன்று மாதத்தில் ஆளே மாறிவிடுவீர்கள் என்றார்கள். என்னைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. முன்பணம் கட்டிவிட்டேன், வரும் சனிக்கிழமை முதல் ஊசி. போட்டுக்கொள்ளலாமா?

பதில்: சோதனைக்குழாய்

தம்பி, சனிக்கிழமை போகாதீர்கள். நான் 14 வருடமாக லேப் டெக்னீஷியன். டாக்டர் இல்லை, அதனால் மருந்தைப் பற்றிப் பேச மாட்டேன். ஆனால் உங்களிடம் ரத்தம் எடுத்த விதம் சரியில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த ஹார்மோன் விடிகாலையில் உச்சத்தில் இருக்கும், மதியத்துக்கு மேல் நன்றாகவே இறங்கிவிடும், உங்கள் வயதில் அந்த இறக்கம் இன்னும் அதிகம். சாப்பிட்டாலும் இறங்கும். அதனால்தான் காலை ஏழிலிருந்து பத்துக்குள், வெறும் வயிற்றில், வெவ்வேறு நாளில் இரண்டு முறை எடுக்க வேண்டும் என்பது விதி. காய்ச்சலோ வேறு நோயோ இருக்கும்போது எடுக்கவே கூடாது. உங்களுக்கு மதியம் மூன்று மணி, சாப்பிட்ட வயிறு, நாலு மணி நேரத் தூக்கம், அதுவும் ஒரே முறை. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான 10 இளைஞர்களை ஒரு வாரம் இரவுக்கு ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுப் பார்த்தார்கள், பகல் நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 சதவீதம் குறைந்திருந்தது. ஒரு வாரத்துக்கே அந்தக் கதி. நீங்கள் எத்தனை மாதமாக இப்படித் தூங்குகிறீர்கள்?

கீழ்வரம்பும் லேபுக்கு லேப் மாறும். அமெரிக்கச் சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர் சங்கம் 300 என்று வைத்திருக்கிறது. அங்கேயே ஹார்மோன் மருத்துவர்களின் சங்கம், உடல் பருமன் இல்லாத 19 முதல் 39 வயது ஆண்களை வைத்துக் கணக்கிட்ட 264-ஐ எடுத்துக்கொள்கிறது. இதைவிடக் குறைந்தால் நோய் என்று யாரும் ஒரே இடத்தில் கோடு கிழித்து வைக்கவில்லை, எண்ணோடு அறிகுறியும் சேர்ந்தால்தான் கணக்கு.

இன்னொன்று, எடை. எடை கூடினால் ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோனைச் சுமந்து போகும் எஸ்.எச்.பி.ஜி. என்ற புரதம் குறையும், மொத்த அளவும் குறைவாகத் தெரியும், ஆனால் உடம்பு உண்மையில் பயன்படுத்தும் பகுதி சரியாகவே இருக்கலாம். அதையும் சேர்த்து எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அது எங்கள் மெஷினையே குழப்பிவிடும், சில ஹார்மோனைக் கூட்டியும் சிலவற்றைக் குறைத்தும் காட்டும். சாப்பிட்டால் முன்கூட்டியே லேபில் சொல்லுங்கள், இரண்டு மூன்று நாள் நிறுத்தச் சொல்வார்கள்.

பதில்: ஈரோட்டுக்காரன்

லேப் அண்ணன் மருந்தைத் தொடவில்லை, அதை நான் சொல்கிறேன், ஏனென்றால் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன் நான். அப்போது 26 வயது. ஜிம்மில் பழகிய ஒருவர் மூலம் ஆரம்பித்தது, 240 என்ற ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு ஒன்றரை வருடம் போட்டேன். முதல் நாலு மாதம் ராஜா மாதிரி இருந்தது, அதை மறைக்க மாட்டேன். கல்யாணமாகி ஒரு வருடம் குழந்தை இல்லை என்று விந்துப் பரிசோதனை எடுத்தோம். ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை என்ற வரிக்கு நேரே ஆங்கிலத்தில் "Nil" என்று மூன்றெழுத்து, ஒன்றுகூட இல்லை என்று அர்த்தம். என் மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு மடித்துப் பைக்குள் வைத்தாள், பஸ் ஈரோடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை.

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்தால் மூளை, போதும் என்று நினைத்து விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்தான் அந்த உத்தரவு. அது நின்றால் விரை சுருங்கும், விந்தணு உற்பத்தி நிற்கும். உலக சுகாதார அமைப்பு இதையே ஆண்களுக்கான கருத்தடையாக ஆராய்ந்திருக்கிறது, வாரம் 200 மில்லிகிராம் ஊசி, 1990-இல் முடிவுகள் வெளிவந்தன. கருத்தடையாகப் பரிசோதித்த மருந்தைக் கல்யாணத்துக்கு முன் உங்களுக்குப் போடுகிறேன் என்கிறார்கள், குழந்தை வேண்டுமா என்று ஒரு வார்த்தை கேட்டார்களா? என்னிடம் யாரும் கேட்கவில்லை.

நிறுத்தி, ஹார்மோன் டாக்டரிடம் வேறு சிகிச்சை எடுத்து, எண்ணிக்கை திரும்ப 13 மாதம் ஆனது. இப்போது பெண் குழந்தை, இரண்டு வயது. ஆனால் எனக்கு முதலில் ஏன் 240 வந்தது என்று இன்றுவரை தெரியாது. ஊசி போட ஆரம்பித்த பிறகு எல்.எச். எடுத்தால் அது எப்படியும் கீழேதான் இருக்கும், அதைப் பார்த்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க இருந்த ஒரே நேரத்தை நான் கோட்டைவிட்டேன். நீங்கள் இன்னும் விடவில்லை.

பதில்: வைகைக்கரை

ஈரோட்டு நண்பர் கடைசியில் சொன்னதுதான் முக்கியம், அந்தக் "ஏன்" என்ற கேள்வி. எனக்கும் 29 வயதில் உங்களைப் போலவே சோர்வு, ஆசையின்மை, அளவு 140. கூடவே நெற்றிக்குப் பின்னால் ஒரு தலைவலி. பைக் ஓட்டும்போது இடது பக்கம் வருகிற வண்டி திடீரென்று முளைத்த மாதிரி இருக்கும், கவனக்குறைவு என்று நினைத்துக்கொண்டேன். இரவு பதினொரு மணிக்கு மேல் டிவியில் வருகிற வைத்தியர் ஒருவரிடம் போனேன், நரம்புத் தளர்ச்சி என்று லேகியம் கொடுத்தார், எட்டு மாதம் தின்றேன்.

அப்புறம் ஒரு ஹார்மோன் டாக்டர் எல்.எச்., எஃப்.எஸ்.எச்., அப்புறம் புரோலாக்டின் என்ற இன்னொரு ஹார்மோன், மூன்றையும் எழுதிக் கொடுத்தார். டெஸ்டோஸ்டிரோன் குறைந்து எல்.எச். ஏறியிருந்தால் கோளாறு விரையில். இரண்டுமே குறைவாக இருந்தால் மேலே, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியிலோ அதற்கும் மேலேயோ. எனக்கு இரண்டும் குறைவு, புரோலாக்டின் மட்டும் பல மடங்கு. எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியில் 14 மில்லிமீட்டர் கட்டி, அது பார்வை நரம்பை அழுத்தியதால்தான் பக்கவாட்டுப் பார்வை போயிருக்கிறது. கட்டி என்றதும் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டார். டாக்டர் அம்மாவைக் கூப்பிட்டு, இது புற்றுநோய் இல்லை, பெரும்பாலும் ஆபரேஷனும் தேவைப்படாது என்று பொறுமையாகச் சொன்னார். கேபர்கோலின் மாத்திரை, வாரத்துக்கு இரண்டு நாள். கட்டி சுருங்கியது, பார்வை வந்தது, டெஸ்டோஸ்டிரோன் ஓர் ஊசிகூட இல்லாமல் தானாக மேலே வந்தது. யோசித்துப் பாருங்கள், எனக்கு முதலிலேயே ஊசி போட்டிருந்தால் தெம்பு வந்திருக்கும், கட்டி உள்ளே வளர்ந்துகொண்டே இருந்திருக்கும்.

உங்களுக்கும் கட்டி இருக்கும் என்று பயமுறுத்தவில்லை, அது அபூர்வம். ஒரு புரோலாக்டின் பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

பதில்: தாமிரபரணி_88

ஊசியே தப்பு என்று யாரும் முடிவுகட்டிவிட வேண்டாம். எனக்கு கிளைன்ஃபெல்டர், பிறவியிலேயே ஒரு எக்ஸ் குரோமோசோம் கூடுதல். டாக்டர் மரமணி கோத்த மாலை மாதிரி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விரையின் அளவை ஒப்பிட்டுப் பார்த்தார், பெரியவர்களுக்கு 15 மில்லிலிட்டருக்கு மேல் இருக்க வேண்டியது எனக்கு மூன்றுதான். 31 வயது வரை யாருமே அங்கே தொட்டுப் பார்த்ததில்லை, நானும் கூச்சப்பட்டு யாரிடமும் காட்டியதில்லை. எல்.எச். மிக அதிகம், குரோமோசோம் பரிசோதனையில் உறுதியானது. எனக்கு டெஸ்டோஸ்டிரோன் ஆயுளுக்கும் தேவை, எலும்புக்கும் தேவை, போட்டுக்கொள்கிறேன், நன்றாக இருக்கிறேன். ஆனால் குழந்தை பற்றி முதலில் பேசிவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள், இப்போதும் ரத்தம் கெட்டியாகிறதா என்று அவ்வப்போது பார்க்கிறார்கள்.

செலவுதான் கவலை என்றால் சென்னை மருத்துவக் கல்லூரி, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி. மூன்றிலும் ஹார்மோன் கோளாறுகளுக்கு எண்டோகிரைனாலஜி என்று தனிப் பிரிவே இருக்கிறது. காத்திருக்க வேண்டியிருக்கும், பரவாயில்லை.

ஷிப்ட்பறவை (ஐந்து வாரம் கழித்து)

சனிக்கிழமை போகவில்லை. முன்பணம் திரும்ப வரவில்லை, போகட்டும்.

பத்து நாள் லீவு போட்டு ஊருக்குப் போய் இரவில் மட்டும் தூங்கினேன். முடிக்குப் பயோட்டின் சாப்பிட்டுக்கொண்டிருந்தது உண்மைதான், அதையும் நிறுத்தினேன். காலை எட்டு மணி, வெறும் வயிறு, இரண்டு நாள். 338, அப்புறம் 351. எல்.எச்., எஃப்.எஸ்.எச்., புரோலாக்டின், தைராய்டு எல்லாம் சரி. எஸ்.எச்.பி.ஜி. குறைவு, மூன்று மாதச் சர்க்கரை 6.1. ஹார்மோன் டாக்டர் அரை மணி நேரம் பேசினார், அந்த மணிமாலையோடு பரிசோதித்தார், அளவு சரியாக இருக்கிறது. காலையில் விறைப்பு வருகிறதா, முன்பைவிட ஷேவிங் குறைந்திருக்கிறதா, வாசனை தெரிகிறதா என்றெல்லாம் கேட்டார். குறட்டை விடுவேனா என்றார், எனக்குத் தெரியாது, கூட வந்திருந்த அப்பா, "நடுநடுவே மூச்சே நின்ற மாதிரி இருக்கும் டாக்டர், நான் எழுந்து பார்ப்பேன்" என்றார். அவர் அப்படி எழுந்து பார்த்தது எனக்கு அன்றுதான் தெரியும். தூக்கப் பரிசோதனையில் தூக்கத்தில் மூச்சுத்திணறல் உறுதியாகியிருக்கிறது. அதற்கான மெஷின், எடை குறைப்பு, பகல் ஷிப்டுக்கு விண்ணப்பம். இப்போதைக்கு ஊசி வேண்டாம், மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கலாம் என்கிறார்.

கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணிடமும் சொல்லிவிட்டேன். மெஷின் சத்தம் போடுமா என்று மட்டும் கேட்டாள்.

பதில்: சோதனைக்குழாய்

ரொம்ப சந்தோஷம் தம்பி. மூன்று மாதம் கழித்து எடுக்கும்போது இதே லேபில், இதே நேரத்தில் கொடுங்கள். லேப் மாறினால் முறையும் மாறும், அப்புறம் ஏறியதா இறங்கியதா என்றே தெரியாது. முந்தின நாள் இரவு முழுசாகத் தூங்கிவிட்டு வாருங்கள்.